இன்சுலினை ஃப்ரீஸர்ல வைக்காதீங்க, ப்ளீஸ்

மறுபடியும் ஒரு கேஸ், இந்த தடவை எங்க தெருவுலயே. ரெண்டு வேளை இன்சுலின் போடுற ஒரு அண்ணாச்சி, சுகர் 300க்கு கீழ இறங்கவே மாட்டேங்குது, டாக்டரும் டோஸை ஏத்திக்கிட்டே போறாரு, ஒண்ணும் நடக்கல. "கவர்மெண்ட் ஆஸ்பத்திரி மருந்து தம்பி, அது அவ்வளவுதான் கேக்கும்"னு என்கிட்டயே சொல்றாரு, நான் எங்க வேலை பாக்குறேன்னு தெரிஞ்சும். எங்க வைக்கிறீங்க அண்ணாச்சின்னு கேட்டேன். "ஃப்ரீஸர்ல தான், ஐஸ் ட்ரே பக்கத்துல, பத்திரமா இருக்கு"ன்னாரு. போடுறதுக்கு முன்னாடி வெளிய எடுத்து வச்சு, உருகினதும் ஊசியில ஏத்திக்குவாராம்.

எனக்கு தலையில அடிச்சுக்கலாம் போல இருந்துச்சு.

நான் அரசு மருந்து சப்ளையில லாஜிஸ்டிக்ஸ் பக்கம் இருக்குறவன், டாக்டர் இல்ல, அதனால எவ்வளவு யூனிட் போடணும்னு என்கிட்ட கேக்காதீங்க. ஆனா மருந்து கம்பெனி கதவுல இருந்து உங்க ஊர் ஆஸ்பத்திரி வரைக்கும் எப்படி வருது, எந்த இடத்துல கெட்டுப்போகும்னு கேளுங்க, சொல்றேன். தமிழ்நாட்டுல அரசு ஆஸ்பத்திரிக்கு வாங்குற மருந்து குடோனுக்கு வந்த உடனே வெளிய போயிடாது, பேட்ச் பேட்ச்சா சாம்பிள் எடுத்து லேபுக்கு அனுப்பி, பாஸ்னு ரிப்போர்ட் வந்தா தான் ஆஸ்பத்திரிக்கு இஷ்யூ ஆகும், அதுவரைக்கும் தனியா தான் கிடக்கும். இவ்வளவும் தாண்டி வந்த மருந்து கடைசியில வீட்டு சமையல்கட்டுல, ஃப்ரிட்ஜோட கீழ் தட்டுக்கும் ஃப்ரீஸருக்கும் நடுவுல இருக்குற அந்த ரெண்டடியில சாகுது. கெட்ட பேரு மட்டும் மருந்துக்கு.

ஜில்லுனு இருந்தா நல்லது, இன்னும் ஜில்லுனு இருந்தா இன்னும் நல்லது, ஐஸா உறைஞ்சு கிடந்தா வருஷக்கணக்குல கெடாது. இப்படித்தான் நிறைய பேரு நினைக்குறாங்க. இது தப்பு, சுத்தமா தப்பு. இன்சுலினுக்கும் நிறைய தடுப்பூசிக்கும் சொல்ற கணக்கு 2ல இருந்து 8 டிகிரி. அந்த 8ஐ தாண்டக்கூடாதுன்னு எல்லாருக்கும் தெரியும், ஐஸ் உருகிடுச்சேன்னு பதறுவாங்க. அந்த 2க்கு கீழ போகக்கூடாதுன்னு மட்டும் யாருக்கும் மண்டையில ஏறவே மாட்டேங்குது. சூட்டுல மருந்தோட வீரியம் கொஞ்சம் கொஞ்சமா தான் குறையும், பல நேரம் ஒரு நாள் ரெண்டு நாள் தாங்கும். உறைஞ்சா ஒரே தடவையில போச்சு. மஞ்சள் காமாலை பி தடுப்பூசி, குழந்தைங்களுக்கு போடுற பென்டாவேலன்ட், டெட்டனஸுக்கு போடுற டிடி ஊசி, இதுலயெல்லாம் அலுமினிய உப்பு கலந்திருக்கும், உறைஞ்சா அது கட்டி கட்டியா சேர்ந்துடும், உருகினாலும் பழைய நிலைக்கு வராது. திரிஞ்ச பாலை திரும்ப காய்ச்சினா பாலாகுமா? அதே தான். பாக்க எந்த வித்தியாசமும் தெரியாம இருக்கலாம், அது தான் இன்னும் பயம்.

இந்த நினைப்பு எங்க இருந்து வந்துச்சுன்னு யோசிச்சுப் பாத்திருக்கேன். 1995ல பல்ஸ் போலியோ ஆரம்பிச்சதுல இருந்து நம்ம எல்லாருக்கும் தடுப்பு மருந்துன்னாலே தோள்ல மாட்டின நீலப் பெட்டியும் உள்ள இருக்குற ஐஸும் தான் கண்ணுல நிக்குது. போலியோ சொட்டு மருந்து நிஜமாவே ஐஸை விரும்புற ஆளு, பெரிய ஸ்டோர்ல மைனஸ் 20 பக்கத்துல தான் வச்சிருப்போம், உறைஞ்சு உருகினாலும் அதுக்கு ஒண்ணும் ஆகாது. அந்த ஒரு மருந்தோட பழக்கத்தை எல்லா மருந்துக்கும் தூக்கி மாட்டிட்டோம். அப்புறம் 2020ல டிவியில மைனஸ் 70 டிகிரி, மைனஸ் 70 டிகிரின்னு நாள் பூரா ஓட்டினாங்க, அது வேற ஊரு வேற தடுப்பூசி, நமக்கு போட்ட கோவிஷீல்டும் கோவாக்சினும் அதே 2ல இருந்து 8 தான், ஆனா யாரு கேட்டா.

எங்க ஆளுங்களையும் விட்டுவைக்கப் போறதில்ல. சுகாதார நிலையத்துல தடுப்பூசி வைக்குற ஐஎல்ஆர் பெட்டி, அதாவது உள்சுவரைச் சுத்தி ஐஸ் இருக்குற ஃப்ரிட்ஜ், அதுக்கு ஒரு நாளைக்கு 8 மணி நேரம் கரண்ட் இருந்தா போதும், மூடி மேல்பக்கமா திறக்குற மாதிரி பண்ணியிருக்குறதே குளிர் வெளிய ஓடாம இருக்கத்தான். கரண்ட் போனா சும்மா மூடி வச்சாலே போதும். ஆனா பயந்து போய் எல்லா வயலையும், அதான் ஊசி மருந்து இருக்குற குட்டி பாட்டில், அள்ளி பக்கத்து டீப் ஃப்ரீஸர்ல போட்டு "காப்பாத்திட்டோம் சார்"னு போன் பண்றவங்க இருக்காங்க. அதே மாதிரி டீப் ஃப்ரீஸர்ல இருந்து எடுத்த ஐஸ் பேக்கை நேரா தடுப்பூசி தூக்கிட்டுப் போற கேரியர் பெட்டியில வச்சு அது மேலயே ஊசி மருந்தை ஒட்டி வைக்கிறது. ஐஸ் பேக்கை வெளிய வச்சு, வேர்த்து, குலுக்கினா உள்ள தண்ணி சத்தம் கேட்டதுக்கு அப்புறம் தான் கேரியருக்குள்ள போகணும், ட்ரெயினிங்ல கேட்டா எல்லாரும் கரெக்டா சொல்லுவாங்க. டெம்பரேச்சர் ரெஜிஸ்டரை பத்தி ஒண்ணும் சொல்லல, காலையில 4, சாயந்திரம் 4, ஞாயித்துக்கிழமை 4, தீபாவளிக்கும் 4. இப்ப ஈவின் (eVIN)னு ஒரு கண்காணிப்பு சிஸ்டத்துல சென்சார் வச்சு போனுக்கே அலர்ட் வர்ற மாதிரி வந்ததுக்கு அப்புறம் தான் அந்த நாலு கொஞ்சம் ஆட ஆரம்பிச்சுது. வயல் மேல ஒட்டியிருக்குற விவிஎம் ஸ்டிக்கர், வட்டத்துக்குள்ள சின்ன சதுரம், அது சூட்டை மட்டும் தான் காட்டிக்கொடுக்கும், உறைஞ்சதை காட்டாது. ஸ்டிக்கர் நல்லா இருக்கு சார்னு என்கிட்ட வாதம் பண்ணாதீங்க.

சரி, வீட்டு விஷயத்துக்கு வரேன். திறக்காத இன்சுலின் ஃப்ரிட்ஜோட நடு தட்டுல, டப்பாவோடயே, பின் சுவரை ஒட்டாம இருக்கணும். கதவுல வேண்டாம், அது திறந்து திறந்து மூடுற இடம். ஃப்ரீஸருக்கு நேர் கீழ இருக்குற தட்டும் வேண்டாம், பழைய சிங்கிள் டோர் ஃப்ரிட்ஜ்ல அங்கயும் உறையும். இப்ப போட்டுக்கிட்டு இருக்குற வயலோ பேனாவோ ஃப்ரிட்ஜ்ல தான் இருக்கணும்னு இல்ல, வெயில் படாத இடத்துல வெளியவே வைக்கலாம், பெரும்பாலும் 28 நாள், எத்தனை டிகிரி வரைக்கும்னு டப்பாவுல போட்டிருக்கும், அதைப் படிங்க. எக்ஸ்பைரி தேதி மட்டும் பாத்துட்டு இன்னும் ஒரு வருஷம் இருக்குன்னு சொல்லாதீங்க, அந்த தேதி சொன்னபடி வச்சிருந்தா மட்டும் தான் செல்லும்.

ஃப்ரிட்ஜ் இல்லையா, பரவாயில்ல, மண்பானைக்குள்ள மண்பானை, நடுவுல ஈர மணல், மருந்தை தண்ணி புகாத கவர்ல போட்டு உள்ள வைங்க. மதுரை, திருச்சி மாதிரி காய்ஞ்ச வெயில்ல நல்லா வேலை செய்யும், சென்னை புழுக்கத்துல கொஞ்சம் கம்மி தான். பஸ்ல ஊருக்கு போறப்ப ஐஸ் கட்டியோட பொட்டலம் கட்டாதீங்க, மெடிக்கல் ஷாப்ல ஐஸ் பேக் குடுத்தா நடுவுல ஒரு துணி சுத்துங்க. ஃப்ளைட்ல போனா கைப்பையில, லக்கேஜ்ல போடவே போடாதீங்க. கார் டேஷ்போர்டுல வச்சுட்டு டீ குடிக்க இறங்கிடாதீங்க.

உறைஞ்சு போன இன்சுலின் வீட்டுல இருந்தா தூக்கிப் போடுங்க, மனசு வராது, தெரியும், காசு குடுத்து வாங்கினது, ஆனா தூக்கிப் போடுங்க. இதுல ரொம்ப முக்கியமா ஒண்ணு இருக்கு, கெஞ்சி கேக்குறேன். கெட்டுப்போன மருந்தை வச்சு ஏத்தின டோஸை, புது மருந்து வாங்கினதும் அப்படியே போட்டுடாதீங்க. நல்ல மருந்து முழு வீரியத்தோட இருக்கும், சுகர் மடமடன்னு இறங்கி மயக்கம் வந்து விழுந்துடுவீங்க. டாக்டர்கிட்ட போய் ஃப்ரீஸர்ல வச்சிருந்தேன் சார்னு வெக்கப்படாம சொல்லிட்டு, புது டோஸ் கேட்டு வாங்குங்க. அண்ணாச்சியை நானே ஆட்டோ புடிச்சு கூட்டிட்டுப் போய் சொல்ல வச்சேன். டாக்டருங்களுக்கும் ஒரு வார்த்தை, டோஸ் ஏத்துறதுக்கு முன்னாடி மருந்து எங்க வைக்கிறீங்கன்னு ஒரு கேள்வி கேளுங்க சார், அரை நிமிஷம் ஆகுமா?

குழந்தைக்கு தடுப்பூசியை வெளிய வாங்கி வீட்டு ஃப்ரிட்ஜ்ல வச்சு நாளைக்கு போட்டுக்கலாம்ங்குற பழக்கத்தை விட்டுடுங்க, போடுற இடத்துலயே வாங்குங்க, முடியலன்னா வாங்கின கையோட நேரா அங்க போயிடுங்க.

கடைசியா, ஒரு சின்ன ஃப்ரிட்ஜ் தெர்மாமீட்டர் வாங்கி மருந்து பக்கத்துல ஒரு நாள் வச்சுப் பாருங்க, பெரிய விலை இல்ல. ஃப்ரிட்ஜ் உள்ள இருக்குற டயல்ல போட்டிருக்குற நம்பர் டெம்பரேச்சர் இல்லைங்க, பெரும்பாலான ஃப்ரிட்ஜ்ல பெரிய நம்பர்னா அதிக கூலிங், 5ல வச்சா 5 டிகிரின்னு நினைச்சு ஃபுல் கூலிங்ல வச்சிருக்குற வீடு நிறைய. தெர்மாமீட்டர் 4, 5 காட்டினா அப்படியே விடுங்க. 1 காட்டினா டயலை குறைங்க, இப்பவே.