ஐந்து வருடம் காத்திருந்தால் மாதம் அறுநூறு: வேலையில்லா இளைஞர் உதவித்தொகை

பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் வாங்கப் பள்ளிக்கூடம் போகிற நாளிலேயே தமிழ்நாட்டில் நிறைய பேருக்கு எம்ப்ளாய்மெண்ட் பதிவும், அதாவது வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவும், முடிந்துவிடும். கணினி அறையில் ஆசிரியர் ஒருவர் வரிசையாக உட்காரவைத்துப் பதிந்து, அச்செடுத்த தாளைக் கையில் கொடுப்பார். வீட்டுக்கு வந்ததும் அது ரேஷன் கார்டு, கேஸ் புத்தகம் இருக்கிற பிளாஸ்டிக் உறைக்குள் போகும். அப்புறம் பல வீடுகளில் அதை யாரும் வெளியே எடுப்பதில்லை.

அந்தத் தாளுக்கு ஒரு பண மதிப்பு இருக்கிறது. பதிந்து ஐந்து வருடம் ஆகியும் வேலை கிடைக்காதவர்களுக்குத் தமிழ்நாடு அரசு மாதக் கணக்கில் ஒரு தொகை தருகிறது. அரசுத் தாள்களில் இதன் பெயர் வேலைவாய்ப்பற்ற இளைஞர்களுக்கான உதவித்தொகை. திட்டம் 2006-ல் தொடங்கியபோது பத்தாம் வகுப்பு முடித்தவருக்கு 150, பிளஸ் டூவுக்கு 200, பட்டதாரிக்கு 300 ரூபாய். இப்போது அது இரட்டிப்பு: பத்தாம் வகுப்புத் தேர்ச்சிக்கு 300, பிளஸ் டூவுக்கு 400, பட்டப்படிப்புக்கு 600. பத்தாம் வகுப்பில் தோற்றவர்களுக்கும் 200 ரூபாய் உண்டு. இது பலருக்குத் தெரிவதில்லை. ஃபெயிலானால் எம்ப்ளாய்மெண்டில் பதியவே முடியாது என்று நினைத்து இருந்துவிடுகிறார்கள்.

மூன்று வருடம்தான் தருவார்கள். பட்டதாரிக்கு மொத்தமாகக் கூட்டினால் 21,600 ரூபாய், பிளஸ் டூ முடித்தவருக்கு 14,400. ஒரு நாளைக்குப் பார்த்தால் பட்டதாரிக்கே இருபது ரூபாய்தான், ஒரு டீயும் ஒரு வடையும் வரும். இதை வைத்து யாரும் குடும்பம் நடத்த முடியாது, நடத்தலாம் என்று அரசும் சொல்லவில்லை. ஆனால் தேர்வுக்குப் படிக்கிற வீட்டில் இதன் கணக்கு வேறு. டி.என்.பி.எஸ்.சி.யின் ஒருமுறைப் பதிவுக்கு 150, குரூப் 4 தேர்வுக்கு 100, அதற்கு மேல் பேருந்துச் செலவு, ஜெராக்ஸ் செலவு. இதற்கெல்லாம் வீட்டில் கை நீட்டாமல் இருக்க இந்தப் பணம் போதும். இருபத்தேழு வயதில் அப்பாவிடம் நூறு ரூபாய் கேட்டு நின்றவர்களுக்கு இது புரியும்.

மாற்றுத்திறனாளிகளுக்கு விதி தாராளம். பத்தாம் வகுப்பும் அதற்குக் கீழும் படித்தவர்களுக்கு மாதம் 600, பிளஸ் டூவுக்கு 750, பட்டதாரிக்கு 1,000. பதிந்து ஒரு வருடம் ஆனாலே விண்ணப்பிக்கலாம், பத்து வருடம் வரை கிடைக்கும். வயது வரம்பும் இல்லை, வருமான வரம்பும் இல்லை. பட்டம் முடித்த ஒருவர் பத்து வருடமும் வாங்கினால் 1,20,000 ரூபாய் ஆகிறது. வீட்டில் மாற்றுத்திறனாளிப் பிள்ளை இருந்தால், எட்டாவதோடு படிப்பை நிறுத்தியிருந்தாலும் பரவாயில்லை, முதலில் பதிவைப் போடுங்கள். மற்றதை அப்புறம் பார்க்கலாம்.

சரி, மற்றவர்களுக்கான நிபந்தனைகள். இங்கேதான் ஆட்கள் உதிர்கிறார்கள்.

முதலாவது, அந்த ஐந்து வருடம். பதிந்துவிட்டு ஐந்து வருடம் சும்மா இருந்தால் அது கணக்கில் வராது. பதிவு விட்டுப்போகாமல் உயிரோடு இருக்க வேண்டும். மூன்று வருடத்துக்கு ஒருமுறை, பதிந்த அதே மாதத்தில் புதுப்பிக்க வேண்டும். 2020 ஜூனில் பட்டத்தைப் பதிந்தவர் 2023 ஜூனில் புதுப்பித்திருந்தால், 2025 ஜூனோடு அவருக்கு ஐந்து வருடம் நிறைகிறது. 2023-ல் விட்டிருந்தால் அந்தக் காத்திருப்பு அறுந்துபோகிறது. எந்தப் படிப்புக்கான தொகையைக் கேட்கிறீர்களோ, அந்தப் படிப்பைப் பதிந்து ஐந்து வருடம் ஆகியிருக்க வேண்டும் என்பதையும் கவனியுங்கள். பட்டம் வாங்கியும் அதைப் பதிவில் ஏற்றாமல் பத்தாம் வகுப்போடு விட்டுவைத்திருப்பவர்கள் நிறைய.

புதுப்பிக்காமல் விட்ட கதை எனக்கும் உண்டு. பிளஸ் டூ முடித்ததும் பதிந்தேன். முதல் ரினியூவலை ஒழுங்காகச் செய்தேன். இரண்டாவது வந்த மாதம் வேறு ஊரில் இருந்தேன், மறந்தேபோனது. இப்படி விட்டவர்களுக்காக அரசு அவ்வப்போது சிறப்புச் சலுகை அறிவிக்கும். குறிப்பிட்ட ஆண்டுகளில் புதுப்பிக்கத் தவறியவர்கள் மூன்று மாதத்துக்குள் புதுப்பித்துக்கொள்ளலாம், பழைய பதிவு மூப்பு (சீனியாரிட்டி) போகாது என்று அரசாணை வரும். எனக்கும் அப்படி ஒன்று வந்திருக்கிறது. அது வந்ததே தெரியாமல், முடிந்த பிறகு நண்பன் சொல்லித் தெரிந்துகொண்டேன். அதனால் புதுப்பிக்கத் தவறியவர்கள் பதிவு போனது போனதுதான் என்று விட்டுவிடாமல், ஒருமுறை அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது.

புதுப்பிக்க இப்போது அலைய வேண்டியதில்லை. வேலைவாய்ப்புத் துறையின் இணையதளத்தில் செல்பேசியிலேயே முடிக்கலாம். உள்ளே நுழைய உங்கள் பதிவு எண்தான் பயனர் பெயர். அதைச் சற்று உற்றுப்பாருங்கள்: முதல் மூன்று எழுத்து எந்த அலுவலகம் என்று சொல்லும், அடுத்து பதிந்த ஆண்டு, பிறகு ஆண் அல்லது பெண் என்பதற்கு ஓர் எழுத்து, கடைசியில் எட்டு இலக்கம். பழைய அட்டையில் எண் சின்னதாக இருந்தால் முன்னால் சுழியங்கள் சேர்த்து எட்டாக்க வேண்டும். பாதிப் பேர் 'சைட் ஓப்பன் ஆகவில்லை' என்று சொல்வது இந்தச் சுழியங்களால்தான். முடித்ததும் புதிய தாளை அச்செடுத்து வையுங்கள். அடுத்துப் புதுப்பிக்க வேண்டிய மாதம் அதில் இருக்கும்.

இரண்டாவது, வருமானம். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 72,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. மாதத்துக்கு ஆறாயிரம். இந்த வரம்பு எனக்கு ஒப்புக்கொள்ள முடியாதது. 2025-26-ல் நூறு நாள் வேலையின் தமிழ்நாட்டுக் கூலி ஒரு நாளைக்கு 336 ரூபாய். அந்தக் கூலியில் வீட்டில் ஒரே ஒருவர் வருடத்துக்கு 215 நாள் வேலைக்குப் போனாலே 72,240 ஆகிவிடுகிறது, வரம்பு தாண்டிவிட்டது. கொத்தனார் வீடோ, பெயிண்டர் வீடோ, இந்தக் கணக்கில் ஏழை வீடு இல்லை! 2023-ல் கலைஞர் மகளிர் உரிமைத் தொகையைத் தொடங்கியபோது அதே மாநில அரசு வைத்த குடும்ப வருமான வரம்பு இரண்டரை லட்சம். ஒரே வீட்டின் அம்மாவுக்கு ஓர் அளவுகோல், வேலை தேடும் மகனுக்கு இன்னொன்று. வரம்பை உயர்த்தாமல் தொகையை மட்டும் உயர்த்தினால் வாங்க ஆள் இருக்காது.

வருமானத்தை நீங்களே எழுதிக்கொடுத்தால் போதாது. விண்ணப்பப் படிவத்தில் வருவாய்த் துறையின் கையெழுத்தும் முத்திரையும் வேண்டும். வி.ஏ.ஓ.வைப் பார்த்து, பிறகு ஆர்.ஐ.யிடம் (வருவாய் ஆய்வாளர்) போக வேண்டும். ரேஷன் கார்டு, ஆதார், எம்ப்ளாய்மெண்ட் தாள் மூன்றையும் கையோடு கொண்டுபோங்கள். இந்த ஒரு கையெழுத்துக்குத்தான் அதிக நாள் பிடிக்கும். ஆர்.ஐ. முகாமுக்குப் போயிருப்பார், இல்லாவிட்டால் தாலுகா அலுவலகத்தில் கூட்டம். ஒரு வாரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, வயது. பொதுவாக 40, பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 45. 'இளைஞர்' என்ற பெயரைப் பார்த்து முப்பத்தைந்து வயதுக்காரர்கள் தமக்கில்லை என்று நினைக்க வேண்டாம். குறிப்பாகப் பெண்கள். பிளஸ் டூ முடித்துப் பதிந்து, கல்யாணமாகி, பிள்ளைகளை வளர்த்து முப்பத்தெட்டு வயதில் வீட்டில் இருக்கும் பெண், இடையில் விடாமல் புதுப்பித்திருந்தால் விண்ணப்பிக்கலாம். வேறு மாவட்டத்துக்கு வாக்கப்பட்டுப் போயிருந்தால் பதிவை அந்த மாவட்ட அலுவலகத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். அப்போது பார்க்கப்படும் வருமானம் புகுந்த வீட்டுடையது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இன்னும் சில உண்டு. பள்ளி, கல்லூரிப் படிப்பைத் தமிழ்நாட்டில் படித்திருக்க வேண்டும். வெளியே படித்திருந்தால், பெற்றோர் குறைந்தது 15 வருடம் தமிழ்நாட்டில் குடியிருந்திருக்க வேண்டும். தினமும் கல்லூரிக்குப் போய்ப் படிப்பவருக்குக் கிடையாது, தொலைதூரக் கல்வியில் படிப்பவருக்குத் தடை இல்லை. சம்பளம் வாங்கும் எந்த வேலையிலும், சுயதொழிலிலும் இருக்கக் கூடாது. அரசின் வேறு மாத உதவித்தொகை வாங்குபவராகவும் இருக்கக் கூடாது. மாற்றுத்திறனாளிகள் இந்தக் கடைசி நிபந்தனையை முன்கூட்டியே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. ஏற்கெனவே வேறு துறையில் மாதத் தொகை வாங்கினால் எது லாபம் என்று பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

பொறியியல், மருத்துவம், விவசாயம், கால்நடை அறிவியல், சட்டம் போன்ற தொழிற்பட்டம் வாங்கியவர்களுக்கு இந்தத் திட்டமே கிடையாது. அப்படிப் படித்தவர்களுக்கு எப்படியும் வேலை கிடைத்துவிடும் என்ற காலத்து எண்ணம் அது. பி.இ. முடித்துவிட்டு உணவு டெலிவரி செய்கிற பையன்கள் ஊருக்கு ஊர் இருக்கிற இந்தக் காலத்தில் அது பொருந்தவில்லை. ஆனால் விதி விதிதான், கவுண்டரில் வாதாடிப் பயனில்லை.

விண்ணப்பத்தைக் காலாண்டு வாரியாக வாங்குகிறார்கள். ஜூன் 30-ல் ஐந்து வருடம் நிறைந்தவர் ஆகஸ்ட் கடைசிக்குள் கொடுக்க வேண்டும். அதேபோல நவம்பர், பிப்ரவரி, மே மாதக் கடைசிகள். ஒவ்வொரு முறையும் மாவட்ட ஆட்சியர் பெயரில் செய்தித்தாளில் ஒரு சின்னக் குறிப்பு வரும், உள்பக்கத்தில் ஒரு மூலையில். படிவம் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் இலவசம், இணையதளத்திலும் இறக்கிக்கொள்ளலாம். அலுவலக வாசலில் உள்ள கடையில் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. நிரப்பி, வருவாய்த் துறைக் கையெழுத்து வாங்கி, அசல் சான்றிதழ்கள், பள்ளி மாற்றுச் சான்றிதழ், வங்கிப் பாஸ்புக் எல்லாவற்றோடும் நேரில் போங்கள். கணக்கு தேசியமயமாக்கப்பட்ட வங்கியில், உங்கள் பெயரிலேயே இருக்க வேண்டும். பல வருடம் தொடாத கணக்கென்றால் முதலில் வங்கிக்குப் போய் அது உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

பணம் மாதாமாதம் வராது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை சேர்த்துக் கணக்கில் போடுவார்கள். பட்டதாரிக்கு ஒரு தவணை 1,800. வர ஆரம்பித்ததும் எல்லாம் முடிந்தது என்று இருந்துவிடக் கூடாது. இன்னும் வேலை கிடைக்கவில்லை, வருமானம் கூடவில்லை என்று வருடத்துக்கு ஒருமுறை சுய உறுதிமொழி ஆவணம் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அடுத்த தவணை நின்றுவிடும்.

அடிக்கடி கேட்கிற ஒரு பயம்: 'இந்தப் பணத்தை வாங்கினால் எம்ப்ளாய்மெண்ட் சீனியாரிட்டி போய்விடுமா?' போகாது. உதவித்தொகை வாங்குவதால் பதிவு ரத்தாவதில்லை. நேர்காணலுக்கான பெயர்ப் பட்டியலில் உங்கள் முறை வந்தால் வரும். அந்த முறைக்கு முன்பிருந்த பலம் இப்போது இல்லை என்பது வேறு விஷயம். வேலைவாய்ப்பு அலுவலகப் பட்டியலை மட்டும் வைத்து ஆள் எடுக்கக் கூடாது, வெளியே விளம்பரமும் செய்ய வேண்டும் என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதோடு, நேர்காணலுக்கு அழைக்கும் கார்டு வரும் என்று காத்திருந்த காலம் பெரும்பாலும் முடிந்துபோனது. இன்று அரசு வேலைக்கு வழி தேர்வுதான்.

அந்தத் தேர்வுக்கும் இதே அலுவலகத்தில் ஒரு வசதி இருக்கிறது. தன்னார்வப் பயிலும் வட்டம் என்று மாவட்டந்தோறும் இலவசப் பயிற்சி வகுப்பு நடத்துகிறார்கள், புத்தகங்கள் வைத்திருக்கிறார்கள், மாதிரித் தேர்வு வைக்கிறார்கள். விண்ணப்பம் கொடுக்கப் போகும் அன்றே அதிலும் பெயரைக் கொடுத்துவிட்டு வரலாம். முதுகலையைப் பதிய மட்டும் மாவட்ட அலுவலகம் உதவாது. அதற்குச் சென்னையிலும் மதுரையிலும் இருக்கிற தொழில் மற்றும் செயல் வேலைவாய்ப்பு அலுவலகம்தான்.

எங்கள் தெருவில் ஓர் அக்கா, தம்பி, தங்கை, தன்னுடையது என்று மூன்று பேரின் ரினியூவல் மாதத்தையும் கோலப்பொடி டப்பா இருக்கிற அலமாரிக் கதவின் உள்பக்கம் சாக்பீசால் எழுதிவைத்திருக்கிறார். தினமும் காலையில் கதவைத் திறந்தால் கண்ணில் படும். போன வருடம் அவருடைய விண்ணப்பம் தேறியது, கையெழுத்துக்கு ஆறு நாள் அலைந்தாராம். தம்பியுடையது இன்னும் ஒரு வருடம் பாக்கி.