ஐசோதெர்ம்: வௌவால் எதுவரைக்கும் போகும்னு சொல்ற கோடு

புயல் சீசன்ல சென்னையே போனைக் கையில வச்சுக்கிட்டு வெதர் மேப்ல பாக்குற வளையம் வளையமான கோடு இருக்கே, அது ஐசோபார், காத்தழுத்தத்துக்கு. ஐசோதெர்ம் அதே குடும்பம்தான், ஒரே டெம்பரேச்சர் இருக்குற ஊர்களையெல்லாம் சேர்த்து இழுக்குற கோடு.

கிரேக்கத்துல ‘ஐசோஸ்’னா சமம், ‘தெர்மே’ன்னா சூடு. தெர்மாமீட்டர்லயும் தெர்மாஸ் பிளாஸ்க்லயும் இருக்குறது இதே சூடுதான். இந்தக் கோட்டை 1817ல உலகத்துக்குக் காமிச்சவர் ஜெர்மன்காரர் அலெக்சாண்டர் ஃபான் ஹம்போல்ட். ஒரே அட்சரேகையில இருந்தும் ஐரோப்பாவுல ஒரு குளிர், அமெரிக்காவுல வேற குளிர், அப்போ அட்சரேகையை மட்டும் வச்சு கிளைமேட்டைச் சொல்ல முடியாதுங்கிறதுதான் அவர் பாயின்ட். அதுக்கு முன்னாடி 1799லேருந்து 1804 வரைக்கும் லத்தீன் அமெரிக்கா சுத்தினவர், ஒரினோக்கோ ஆத்துப் பக்கம் தங்கினப்போ அவரோட நாயை மூக்கு நுனியிலயே பெரிய வௌவால் கடிச்சுதுன்னு எழுதி வச்சிருக்கார்.

வௌவால் ஆராய்ச்சியில இந்த வார்த்தை அடிக்கடி வர்றதுக்குக் காரணமே ரத்தம் குடிக்கிற வௌவால்தான். மெக்சிகோவுல ஆரம்பிச்சு சிலி, அர்ஜென்டினா வரைக்கும் இருக்குது, அந்த எல்லையை மேப்ல வரைஞ்சு பாத்தா, வடக்குல ஜனவரி மாசக் குறைந்தபட்ச வெப்பநிலை 10 டிகிரி இருக்குற கோட்டோடயும் தெற்குல ஜூலை மாச 10 டிகிரி கோட்டோடயும் கிட்டத்தட்ட ஒட்டிப் போகுது. அங்க ஜூலைதான் குளிர்காலம்.

ஏன் கரெக்டா அங்க நிக்கணும்? ரத்தத்துல பெரும்பாலும் தண்ணியும் புரதமும்தான், கொழுப்பு ரொம்பக் கம்மி, அதனால உடம்புல சேத்து வைக்க ஒண்ணுமில்ல, தொடர்ந்து ரெண்டு மூணு ராத்திரி சாப்பாடு கிடைக்கலன்னா செத்துடும். பசியில இருக்குறதுக்குக் கூட்டத்துல இன்னொண்ணு தான் குடிச்ச ரத்தத்தைக் கக்கி ஊட்டுறதெல்லாம் இதனாலதான். குளிர் கூடக்கூட உடம்பைச் சூடா வச்சுக்க இன்னும் நிறைய ரத்தம் வேணும், ஆனா முப்பது கிராம் சொச்சம் வெயிட்டு இருக்குற பிராணி வயித்துல எவ்ளோ ரத்தத்தைச் சுமந்துக்கிட்டுப் பறக்கும்? வரவுக்கு மேல செலவாகுது, கோடு அங்க விழுது. பூமி சூடாக ஆக அந்தக் கோடு வடக்க நகர்றதால, டெக்சாஸ் பக்கம் மாடு வளக்குறவங்களுக்கு, அது கடிச்சு மாட்டுக்கு ரேபிஸ் வந்துடுமோன்னு பயம்.

எல்லா வௌவாலுக்கும் இந்தக் கணக்கு செல்லாது. கனடாவுல இருக்குற சின்ன பழுப்பு வௌவால் கொழுப்பு சேத்துக்கிட்டுக் குகையில குளிர்காலத் தூக்கம் போடும், அதுக்கு எவ்ளோ குளிர்ங்கிறதோட எத்தனை மாசம் குளிர்ங்கிறதும் முக்கியம், சேத்த கொழுப்பு வசந்தம் வரைக்கும் தாங்கணுமே.

நம்ம ஊருக்கு வந்தா கதையே தலைகீழ். சென்னையில ஜனவரி ராத்திரியே 20 டிகிரி பக்கம், தமிழ்நாட்டு மேப்ல அந்த 10 டிகிரி கோட்டைப் போட்டா ஊட்டி, கொடைக்கானல் மாதிரி மலையைச் சுத்தி சின்னச் சின்ன வளையமாத்தான் விழும். அசோகா மரம்னு நாம சொல்ற நெட்டிலிங்கத்துல தொங்குற குட்டைமூக்குப் பழந்தின்னிக்குக் குளிர் ஒரு விஷயமே இல்ல, வருஷம் பூரா ஏதாவது பழம் இருக்கணும், அவ்ளோதான். ராத்திரி வாதாம் மரத்தடியில கார் நிறுத்தினவங்களுக்குத் தெரியும், சாறு உறிஞ்சிட்டுத் துப்பின நார், மிச்சம் வச்ச கொட்டை, அதுக்கு மேல கழிச்சல், காலையில பானெட்டைத் தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவணும். இங்க பயப்பட வேண்டியது குளிருக்கு இல்ல, சூடு தாங்குற எல்லைக்குத்தான். ஆஸ்திரேலியாவுல 42 டிகிரியைத் தாண்டினா பழந்தின்னிங்க கொத்துக்கொத்தா விழுது, 2018 நவம்பர் வெயில்ல க்வீன்ஸ்லாந்து வடக்குல ஒரே இனத்துல சுமார் 23,000 செத்துப்போச்சு. சென்னை 2003 மே 31ல 45 டிகிரியே பாத்திருக்கு.

சரி, ஐசோதெர்முக்குத் தமிழ்ல என்ன எழுதுறது? ஸ்கூல் ஜியாகிரபியில ‘சமவெப்பக் கோடு’ன்னு படிச்சிருப்போம். புழக்கத்துல இருக்கு, எல்லாருக்கும் புரியும். ஆனா வெப்பம் வேற, வெப்பநிலை வேற, கோடு காட்டுறது ரெண்டாவதை, அதனால என் ஓட்டு ‘சமவெப்பநிலைக் கோடு’க்குத்தான். ‘சம’ வடமொழி ஆச்சேன்னு ‘ஒத்தவெப்பநிலைக் கோடு’ போடலாம், எனக்கென்னவோ வாயில நுழையல. பிசிக்ஸ்ல வர்ற ஐசோதெர்மலை இதோட கலக்காதீங்க, அது ‘வெப்பநிலை மாறா’ நிகழ்வு. வௌவால் மாதிரி விஷயத்துக்கு எழுதும்போது சராசரியா குறைந்தபட்சமா, எந்த மாசம்னும் சேத்துப் போடணும்: ‘ஜனவரி மாதக் குறைந்தபட்ச 10 டிகிரி சமவெப்பநிலைக் கோடு’. நீளம்தான், ஆனா வெறும் ‘10 டிகிரி கோடு’ன்னு விட்டா படிக்கிறவங்க வருஷ சராசரின்னு எடுத்துக்கிட்டு வௌவாலை எங்கயோ கொண்டுபோய் விட்டுடுவாங்க.