ஃபிரட்டர்னிட்டியைச் 'சகோதரத்துவம்' ஆக்காதீர்கள்

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் புதிதாகச் சேர்ந்த மாணவனை அளவில்லாமல் குடிக்கவைத்து உயிரைப் பறித்த செய்தியைத் தமிழில் படித்தேன். அவனைக் குடிக்கவைத்தவர்களை அந்தச் செய்தி 'சகோதரத்துவ அமைப்பினர்' என்றது. அமெரிக்கக் கல்லூரிகளில் உறுப்பினர்களே ஆள் தேர்ந்து சேர்த்துக்கொள்ளும் மாணவர் குழுவுக்கு ஆங்கிலத்தில் ஃபிரட்டர்னிட்டி என்று பெயர்; பெண்கள் குழுவுக்குச் சொராரிட்டி. அதற்கு இந்த மொழிபெயர்ப்பு எத்தனையோ ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கிறது. இனியும் ஓடக்கூடாது.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லத்தீனில் ஃபிராத்தர் என்றால் சகோதரன், சொரோர் என்றால் சகோதரி. 1776இல் வர்ஜீனியாவின் வில்லியம் அண்ட் மேரி கல்லூரி மாணவர்கள் 'ஃபை பீட்டா காப்பா' என்று கிரேக்க எழுத்துகளில் பெயரிட்டு ஒரு இரகசியச் சங்கம் தொடங்கினார்கள். 1825க்குப் பிறகு நியூயார்க் மாநிலத்தின் யூனியன் கல்லூரியிலிருந்து இன்றைய வடிவம் பரவியது. பெண்கள் தொடங்கியவையும் முதலில் ஃபிரட்டர்னிட்டி என்றே சொல்லிக்கொண்டன. சிராக்யூஸில் 1874இல் தோன்றிய காமா ஃபை பீட்டாவுக்கு ஒரு லத்தீன் பேராசிரியர் 'சொராரிட்டி' என்ற பெயரை எடுத்துக் கொடுத்தார். அது நிலைத்துவிட்டது.

இப்போது 'சகோதரத்துவ'த்துக்கு வருவோம். சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்னும்போது அது ஒரு பண்பின் பெயர்; எல்லோருக்கும் உரியது, யாரையும் வெளியே நிறுத்தாதது. ஃபிரட்டர்னிட்டி பலரை வெளியே நிறுத்துவதால்தான் ஃபிரட்டர்னிட்டியாக இருக்கிறது. பருவத் தொடக்கத்தில் 'ரஷ்' என்று ஒரு வாரமோ இரண்டு வாரமோ விருந்துகளும் சந்திப்புகளும் நடக்கும். உறுப்பினர்கள் தங்களுக்குள் பேசி, யார் வேண்டும் யார் வேண்டாம் என்று முடிவெடுப்பார்கள். வேண்டியவருக்கு 'பிட்' கொடுப்பார்கள். ஏற்றுக்கொண்டவர் சில வாரங்கள் 'ப்ளெட்ஜ்' ஆக இருந்து, கடைசியில் மூடிய கதவுக்குப் பின்னால் ஒரு சடங்கு முடித்து உறுப்பினராவார். பருவத்துக்குச் சில நூறு டாலரிலிருந்து, தங்கும் வீடும் சாப்பாடும் சேர்ந்தால் சில ஆயிரம் டாலர் வரை கட்ட வேண்டும். இந்த ஏற்பாட்டில் எந்த ஒன்றையாவது 'சகோதரத்துவம்' உங்களுக்குச் சொல்கிறதா? வடமொழியில் சகோதரன் என்றால் ஒரே வயிற்றில் பிறந்தவன். இவர்களோ ஒருவரையொருவர் தேர்ந்தெடுத்துக்கொண்டவர்கள். சொல் தொடுகிற இடம் ஒன்று, பொருள் இருக்கிற இடம் வேறொன்று.

எனக்குத் தெரிந்த, டெக்சாஸில் வாழும் ஒரு தந்தை, மகன் சேர விரும்பிய குழு 'சகோதரத்துவ அமைப்பு' என்று எங்கோ படித்துவிட்டு, இரத்ததானம், மரம் நடுதல் என்று சேவை செய்யும் மன்றம் போலும் என நினைத்துச் சம்மதித்தார். சேவையும் செய்கிறார்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் அவர் கேட்டிருக்க வேண்டிய கேள்விகளில் ஒன்றைக்கூடக் கேட்கவிடாமல் அந்தச் சொல் அவரைத் தடுத்துவிட்டது.

'மாணவர் சங்கம்' என்பவர்களும் உண்டு. தமிழ்நாட்டுப் பெற்றோர் காதில் அது விழுந்தால் கொடி, தேர்தல், வேலைநிறுத்தம் என்று படம் விரியும். பொருளும் பொருந்தாது. கமலா ஹாரிஸ் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் ஆல்ஃபா காப்பா ஆல்ஃபாவில் சேர்ந்தார். கறுப்பின மாணவியர் 1908இல் அங்கேயே தொடங்கிய அமைப்பு அது. படிப்பு முடிந்து பல பத்தாண்டுகளுக்குப் பிறகும் அவர் அதன் உறுப்பினர்; தேர்தல் நேரத்தில் அந்தத் தோழியர் நாடெங்கும் அவருக்குத் துணை நின்றார்கள். அவருடைய தாய்வழிப் பாட்டனாரின் ஊரான துளசேந்திரபுரத்தை முன்னிட்டு அவரைப் பற்றி அவ்வளவு எழுதிய நம் ஊடகங்களில் நான் படித்த ஒன்று அதை 'கிரேக்க மாணவிகள் சங்கம்' என்றது. அதில் கிரேக்கரும் இல்லை, மாணவிகளோடு அது முடிவதும் இல்லை. 'கிரீக் லைஃப்' என்பதைக் 'கிரேக்க வாழ்க்கை' என்று எழுதுவதும் இந்த வகைதான். கிரேக்க எழுத்துப் பெயர் தாங்கிய குழுக்களின் நடப்பு என்று விரித்து எழுதினால் என்ன குறைந்துவிடும்?

தூய தமிழ் நண்பர்கள் 'உடன்பிறப்புக் கழகம்' என்கிறார்கள். வயிற்றுப் பிறப்பு என்ற அதே சிக்கல் அதிலும் இருக்கிறது. தமிழ்நாட்டில் அந்த இரண்டு சொல்லும் ஒரு கட்சியோடு ஒட்டிப்போனவை வேறு. சொராரிட்டிக்குச் சங்க இலக்கியத்தின் 'ஆயம்' பொருளில் அழகாகப் பொருந்துகிறது. தலைவியைச் சூழ்ந்த தோழியர் கூட்டம்தான் ஆயம். ஆனால் இன்று ஆயம் என்றால் ஆயத்தீர்வையும் தீர்ப்பாயமும்தான் நினைவுக்கு வரும். படித்தவுடன் விளங்காத சொல்லைப் பெற்றோருக்கான கட்டுரையில் வைப்பதை நான் ஏற்கமாட்டேன்.

என் பரிந்துரை: தோழர் குழாம், தோழியர் குழாம்; இரண்டுக்கும் பொதுவாகத் தோழமைக் குழாம். தோழமை தேர்ந்து கொள்வது. குழாம் என்ற சொல்லிலோ தகுதி பார்த்துச் சேர்ந்தவர்கள் என்ற சாயல் முன்பே இருக்கிறது: அறிஞர் குழாம், அடியார் குழாம். 'தோழர்' என்றால் இடதுசாரி வாடை வரும் என்பார்கள். முன்னால் 'மாணவ' சேர்த்து ஒருமுறை எழுதிவிட்டால் அந்தக் குழப்பம் தீரும்.

துணைச் சொற்களையும் திருத்த வேண்டும். 'பிட்' ஏலம் அன்று, சேர்க்கை அழைப்பு. 'சாப்டர்' அத்தியாயம் அன்று, கிளை. 'ப்ளெட்ஜ்' புகுமுக உறுப்பினர். புகுமுக வகுப்புப் படித்த தலைமுறைக்கு இது உடனே பிடிபடும்.

குழுவில் சேர வருபவரை வதைக்கும் 'ஹேசிங்'தான் மிக முக்கியம். இதை 'ராகிங்' என்று எழுதுகிறோம். இலங்கையில் 'பகடிவதை' என்பார்கள். ராகிங் எவ்வளவு தூரம் போகும் என்பது நமக்குத் தெரியும். 1996இல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்ட பிறகுதான் 1997இல் தமிழ்நாட்டில் தடைச் சட்டம் வந்தது. ஆனால் ராகிங்கில் மாட்டும் மாணவன் தப்பிக்கப் பார்ப்பான். இங்கே மாட்டுபவன் உள்ளே போக விரும்புகிறான். அதனால் தானே மறைக்கிறான். 2017 பிப்ரவரியில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் தோழர் குழாம் ஒன்றில், அழைப்பை ஏற்ற இரவில் 19 வயது டிமோத்தி பியாசாவுக்கு அடுத்தடுத்து மது கொடுத்தார்கள். அவர் நிலவறைப் படிக்கட்டில் விழுந்தார். ஆம்புலன்சை அழைக்க ஏறத்தாழ 12 மணி நேரம் ஆனது. அவர் பிழைக்கவில்லை. அவர் பெயரில் அடுத்த ஆண்டு அந்த மாநிலம் சட்டம் இயற்றியது. பிள்ளை சம்மதித்தான் என்பது அந்தச் சட்டத்தின் முன் செல்லாது. 'பகடி' என்ற முன்னொட்டு இந்தக் கொடுமையை விளையாட்டாக்கிவிடுகிறது. 'புகுமுக வதை' என்று எழுதுங்கள்.

எல்லாக் குழாமும் இப்படி என்று நான் சொல்லவில்லை. தெற்காசிய மாணவர்கள் 1990களில் தொடங்கிய குழாம்களில் நம் பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். ஊர் விட்டு ஊர் வந்தவனுக்கு அங்கே கிடைக்கும் துணை உண்மையானது. பெரிய தோழியர் குழாம்கள் தங்கள் வீடுகளில் மதுவை அனுமதிப்பதில்லை. பிள்ளை சேர நினைத்தால், அந்தக் கிளையைப் பல்கலைக்கழகம் அங்கீகரித்திருக்கிறதா, மொத்தக் கட்டணம் எவ்வளவு, புகுமுகக் காலம் எத்தனை வாரம், அந்த வாரங்களில் என்ன செய்யச் சொல்வார்கள் என்று கேளுங்கள். 2024 டிசம்பரில் கையெழுத்தான கூட்டாட்சிச் சட்டத்தின்படி, வதைத் தடை விதிகளை மீறிய மாணவர் அமைப்புகளின் விவரத்தைப் பல்கலைக்கழகங்கள் தங்கள் தளத்தில் வெளியிட வேண்டும். அந்தப் பட்டியலில் குழாமின் கிரேக்கப் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.