முப்பது பவுண்டுக் குரல்

சென்ற மாதம் என் அலுவலகத்துக்கு ஒரு பாடகி வந்திருந்தார். ஒலிப்பதிவுக் கூடங்களில் கோரஸும் ஹம்மிங்கும் பாடிப் பிழைப்பவர். ஒரு திரைப்பாட்டின் நடுவே ஓர் இடத்தைக் காட்டி, "இங்கே உங்கள் மனதுக்குத் தோன்றியதைப் பாடுங்கள்" என்று சொல்லியிருக்கிறார்கள். அரை மணி நேரத்தில் பாடிக் கொடுத்துவிட்டு, அன்றைய கூலியை வாங்கிக்கொண்டு, வவுச்சரில் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். இன்று அந்தப் பாட்டை நினைத்தாலே எல்லோர் வாயிலும் முதலில் வருவது அவருடைய ஹம்மிங்தான். படத்தில் அவர் பெயர் இல்லை. "சார், இதில் எனக்கு ஏதாவது பாத்தியதை உண்டா?" என்று கேட்டார்.

பதிப்புரிமை வழக்குகளை நடத்துபவன் என்ற முறையில், அவரிடம் சட்டப் பிரிவுகளைப் பேசுவதற்கு முன்னால் 1973 ஜனவரியில் லண்டனில் நடந்ததைச் சொன்னேன்.

பிங்க் ஃபிளாய்ட் என்ற பிரிட்டிஷ் ராக் இசைக் குழு அப்போது அபே ரோடு ஒலிப்பதிவுக் கூடத்தில் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' இசைத்தொகுப்பின் கடைசிக் கட்ட வேலையில் இருந்தது. கணினி இல்லாத காலம். எல்லாமே காந்த நாடா. பணத்தைப் பற்றிய பாட்டின் தொடக்கத்துக்காக நாணயம் கொட்டும் ஓசை, காகிதம் கிழியும் ஓசை, கல்லாப்பெட்டியின் ஓசை என்று தனித்தனியாகப் பதிந்து, நாடாவை வெட்டி, அளவுகோலால் அளந்து ஒட்டி, வளையமாகச் சுழலவிட்டார்கள். தாளம் ஏழு எண்ணிக்கை. ராக் இசைக்கு அது அரிது. கர்நாடக இசையின் ஏழு எண்ணிக்கைத் தாளமான மிஸ்ர சாப்பு கேட்டு வளர்ந்த நம் காதுக்கு அந்நியமாகத் தோன்றாது. இன்னொரு பாட்டில் ஒரே நேரத்தில் அலறும் கடிகாரங்களை ஒலிப்பதிவாளர் ஆலன் பார்சன்ஸ் பழங்காலக் கடிகாரக் கடையொன்றில் ஒவ்வொன்றாகப் பதிந்து வைத்திருந்தார். கூடத்தின் வாயிற்காப்பாளரிடம்கூடக் கேள்விகள் கேட்டு, அவர் சொன்ன பதிலைத் தொகுப்பில் சேர்த்தார்கள்.

இவ்வளவு புதுமை செய்தவர்களுக்கு ஓர் இடத்தில் என்ன செய்வதென்று தெரியவில்லை. குழுவின் கீபோர்டு கலைஞர் ரிச்சர்ட் ரைட் சாவை எண்ணி அமைத்த ஸ்வர வரிசை அது. 1972இல் மேடையில் வாசித்தபோது ஆர்கனோடு பைபிள் வாசகங்களை ஒலிக்கவிட்டுப் பார்த்தார்கள், நிறைவு தரவில்லை. பெண் குரல் ஒன்றைச் சேர்க்கலாம் என்று முடிவானதும், பார்சன்ஸ் தமக்குத் தெரிந்த கிளேர் டோரி என்ற பாடகியை அழைத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அவர் வந்தார். அவருக்கு வரிகளும் தரப்படவில்லை, மெட்டும் தரப்படவில்லை. முதலில் வழக்கமான காதல் பாட்டுச் சொற்களைப் போட்டுப் பாடியிருக்கிறார். சொல் வேண்டாம் என்றார்கள். பிறகு தம் குரலையே ஒரு வாத்தியமாக எண்ணிக்கொண்டு பாடினார். இரண்டு முறை முழுதாகப் பாடி, மூன்றாவதைப் பாதியில் நிறுத்திவிட்டார். அதிகமாகக் கத்திவிட்டோமோ என்று வெட்கப்பட்டு மன்னிப்பும் கேட்டார். அந்தப் பதிவுகளைத் தொகுத்ததுதான் 'தி கிரேட் கிக் இன் தி ஸ்கை'. என்னைப் பொறுத்தவரை அந்தத் தொகுப்பின் உச்சம் அதுதான். சொல்லே இல்லாமல், சாவுக்கு அஞ்சுவதிலிருந்து அதனோடு சமாதானமாவது வரை ஒரு குரல் போய்ச் சேர்கிறது.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் இரட்டிப்புக் கூலியாக முப்பது பவுண்டு கொடுத்தார்கள். தாம் பாடியது தொகுப்பில் இடம்பெற்றதே கடையில் உறையைப் பார்த்துத்தான் அவருக்குத் தெரியவந்தது.

அந்தத் தொகுப்பு 1973 தொடங்கி 1988 வரை அமெரிக்காவின் பில்போர்டு விற்பனைத் தரவரிசைப் பட்டியலில் 741 வாரங்கள் இருந்தது. விற்பனை நாலரைக் கோடியைத் தாண்டியதாக மதிப்பிடுகிறார்கள். பட்டகத்தில் நுழைந்த வெள்ளொளி நிறங்களாகப் பிரியும் அந்த அட்டைப்படத்தை, பாட்டைக் கேட்காதவர்கூடப் பனியனில் அணிந்திருக்கிறார். இசை என்ற இடத்தில் மட்டும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ரைட்டின் பெயர் ஒன்றே இருந்தது. 2004இல் டோரி வழக்குத் தொடுத்தார். 'நான் பாடியவள் மட்டுமல்ல, அந்த மெட்டைச் சேர்ந்து உருவாக்கியவள்' என்பதே அவர் தரப்பு. 2005இல் வழக்கு சமரசத்தில் முடிந்தது, தொகை வெளியிடப்படவில்லை. அதற்குப் பின் வந்த பதிப்புகளில் இசை என்ற இடத்தில் ரைட்டோடு டோரியின் பெயரும் இருக்கிறது.

உறையில் பாடகி என்று டோரியின் பெயர் முதலிலிருந்தே இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். பாடியவரின் உரிமை வேறு, படைத்தவரின் உரிமை வேறு. என்னிடம் வரும் கலைஞர்களில் பெரும்பாலோர் இரண்டையும் ஒன்றாக எண்ணி, கூலி வாங்கியதோடு எல்லாம் முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். நம் பதிப்புரிமைச் சட்டத்தில், இசையமைத்தவர் அதைக் குறியீடாக எழுதி வைத்தாரா இல்லையா என்பது பொருட்டே இல்லை; வாயால் அமைத்தாலும் அவர் இசையமைப்பாளர்தான். 2012 திருத்தத்துக்குப் பிறகு, படத்தில் இடம்பெற்ற இசையைப் படைத்தவர் திரையரங்குக்கு வெளியே கிடைக்கும் ராயல்டியில், அதாவது பயன்பாட்டுக்கான பங்குத் தொகையில், தமக்குள்ள சம பங்கை ஒப்பந்தம் போட்டும்கூட விட்டுக்கொடுக்க முடியாது. 'எல்லா உரிமையும் கொடுத்துவிட்டேன்' என்ற வவுச்சர் வரி அந்தப் பங்கைப் பறிக்காது.

பாடியவருக்கும் வணிகப் பயன்பாட்டில் ராயல்டி உண்டு. ஆனால் அதே திருத்தத்தில் ஒரு பொறியும் இருக்கிறது. படத்தில் ஒருவருடைய பங்கு தற்செயலானதாகவும், தொழில் வழக்கப்படி பெயர் போடப்படாததாகவும் இருந்தால், பெரும்பாலான உரிமைகளுக்கு அவர் சட்டத்தின் பார்வையில் நிகழ்த்துநராகவே, அதாவது பாடிய, வாசித்த, நடித்த கலைஞராகவே, கருதப்பட மாட்டார். கோரஸ், ஹம்மிங் பாடுபவர்களை அடிப்பது இந்த வரிதான். பெயர் போடச் சொல்லிக் கேட்பதைப் பலர் கௌரவப் பிரச்சினை என்று நினைத்துக் கூச்சப்படுகிறார்கள். தயவுசெய்து கூச்சப்படாதீர்கள், அது உங்கள் வருமானத்துக்கான ஆதாரம். மைக்கின் முன் நிற்பதற்கு முன்பே, பெயர் வரும் என்பதையும் மெட்டு யாருடையது என்பதையும் இரண்டு வரியில் குறுஞ்செய்தியாகவாவது வாங்கிவிடுங்கள். வவுச்சரைப் படமெடுக்காமல் கையெழுத்திடாதீர்கள்.

வந்திருந்த பாடகியிடம் ஒப்பந்தம் எதுவும் இல்லை. பழைய அலைபேசியைக் கொண்டுவரச் சொன்னேன். ஒலிப்பதிவுக்கு முந்தின இரவு வந்த செய்தி அதில் அழியாமல் இருந்தது: 'மெட்டு எதுவும் இல்லை, நீங்களே யோசித்து வாருங்கள்.' அச்சுப் பிரதி மட்டும் நீதிமன்றத்தில் போதாது, மின்னணு ஆவணத்துக்குரிய சான்றிதழும் வேண்டும் என்பதால் அந்த அலைபேசியை விற்கவோ அழிக்கவோ வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். அடுத்த வாரம் அறிவிப்பு அனுப்புகிறோம்.