அதிமதுர மூட்டையும் பத்து ரூபாய் நோட்டும்

மாட்டுங்காவில் தொண்டைக்கட்டுக்கு அதிமதுரம் வாங்கும்போதெல்லாம் எனக்கு மும்பையை ஒட்டிய நவசேவா துறைமுகம் நினைவுக்கு வரும். 2022 செப்டம்பரில் அங்கே கிடந்த ஒரு கண்டெய்னரை டெல்லி போலீஸின் சிறப்புப் பிரிவு கைப்பற்றியது. உள்ளே 20 டன்னுக்கும் மேல் அதிமதுர வேர். வேரின்மேல் ஹெராயின் பூச்சு. போலீஸ் கணக்கில் அது சுமார் 345 கிலோ, மதிப்பு 1,725 கோடி ரூபாய்.

பார்வைக்கு வேர் வேராகத்தான் இருக்கும். காட்டிக்கொடுப்பது ரசாயனம். ஹெராயின் என்பது அபினிலுள்ள மார்ஃபினோடு இரண்டு அசிட்டைல் தொகுதிகள் ஒட்டிய மூலக்கூறு. ஈரம் பட்டால் அவை மெல்லக் கழன்று அசிட்டிக் அமிலமாகும். வினிகர் வாடைதான், மோப்ப நாய்க்கு அது போதும். அப்புறம் போதைப்பொருளைச் சோதிக்கும் மார்க்கிஸ் கரைசல் ஒரு சொட்டு. ஊதா நிறம் வந்தால் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டியதுதான்.

சரி, சரக்குக்கு நாய் இருக்கிறது. பணத்துக்கு?

ஹவாலா, நம்மூர்ப் பேச்சில் உண்டியல். துபாயில் ஒருவர் தரகரிடம் திர்ஹாமைக் கட்டுவார். மும்பையில் இன்னொருவர் அங்குள்ள தரகரிடம் ஒரு பத்து ரூபாய் நோட்டை நீட்டுவார். அதன் எண் முன்பே போனில் போயிருக்கும். எண் பொருந்தினால் ரூபாய் கைக்கு வரும். எல்லையை எந்தப் பணமும் தாண்டவில்லை. தரகர்கள் இருவரும் பிறகு சரக்கு விலையைக் கூட்டியும் குறைத்தும் எழுதித் தங்கள் பாக்கியைத் தீர்த்துக்கொள்வார்கள். ஊருக்குப் பணம் அனுப்பும் கூலியாளின் காசும் போதைக் காசும் குண்டுக்கான காசும் ஒரே கணக்கில் கலந்துவிடும். எது எதுவென்று பிரிப்பது பாலில் தண்ணீரைத் தேடுகிற வேலை.

கடத்தல் பாதையும் அப்படித்தான். 1993-இல் மகாராஷ்டிரத்தின் ராய்கட் கரையில் இறங்கிய ஆர்.டி.எக்ஸ். வெடிமருந்து, தங்கமும் வெள்ளியும் கடத்திப் பழகிய ஆட்களின் கைவழியே வந்தது. லஞ்சத்துக்கு வழிவிட்ட சுங்க அதிகாரிகள் சிலர் பின்னால் தண்டனை பெற்றார்கள். அந்த ஆண்டு மார்ச் 12 அன்று மும்பைத் தொடர் குண்டுவெடிப்பில் 257 பேர் செத்துப்போனார்கள். அந்த வழக்கில் தேடப்படும் தாவூத் இப்ராஹிமின் கடத்தல் வழிகளை அல்கொய்தாவும் பகிர்ந்துகொண்டதாக 2003-இல் அமெரிக்கா அறிவித்தது.

2021 செப்டம்பரில் குஜராத்தின் முந்த்ராவில் டால்க் கல் என்ற பெயரில் வந்து பிடிபட்டது 2,988 கிலோ ஹெராயின். பிடித்தது வருவாய்ப் புலனாய்வு இயக்குநரகம்; வழக்கு போனதோ தேசியப் புலனாய்வு முகமைக்கு. விற்ற பணம் லஷ்கர்-இ-தொய்பா என்ற பயங்கரவாத அமைப்புக்குப் போனது என்பது முகமையின் குற்றச்சாட்டு. அதை நிரூபிக்க நாயும் ஊதா நிறமும் உதவாது, தரகரின் சிட்டை கையில் சிக்க வேண்டும்.