மூன்று பேர் நடத்திய விசாரணை

ஒரு பையன் தாயிடம் வந்து, ஒருவனைச் சுட்டுக் கொன்றுவிட்டேன் என்கிறான். குயின் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் 'போஹீமியன் ராப்சடி' பாட்டில் கதை என்று உறுதியாகச் சொல்லக்கூடியது அவ்வளவுதான். ஏன் கொன்றான், யாரைக் கொன்றான் என்பது பாட்டில் இல்லை. அதை எழுதிய, குழுவின் பாடகர் ஃப்ரெடி மெர்க்குரியும் அதை விளக்காமலே 1991இல் இறந்துபோனார். விடையை அவருடைய சொந்த வாழ்க்கையில் தேடுகிறவர்கள் ஏராளம். எனக்கு அதில் ஆர்வமில்லை. அந்தக் குற்ற உணர்வைக் காதில் கேட்கும்படி எப்படிச் செய்தார்கள் என்பதுதான் எனக்கு வியப்பு.

கூட்டுக் குரலில் ஒரு சிறு முன்பாட்டு, பிறகு பியானோவும் பையனின் குரலும். நடுவில் திடீரென்று ஓபரா என்னும் மேற்கத்திய இசைநாடகப் பாணியில் பாடும் ஒரு கும்பல் புகுந்து, அவனை விடலாமா கூடாதா என்று கூச்சலிடுகிறது. அந்தக் கும்பலில் இருப்பது குழுவின் மூன்றே பேர்: மெர்க்குரி, பிரையன் மே, ரோஜர் டெய்லர். உச்சக் குரல் டெய்லருடையது.

மூன்று பேர் எப்படிக் கும்பலாவது? ஒரே பதிவைப் பத்து முறை நகலெடுத்து அடுக்கினால் ஒலி கூடும், ஆள் கூடாது. ஆனால் ஒரே வரியை இரண்டு முறை பாடிப் பாருங்கள். சுருதி இழையளவு விலகும். ஒரு சொல் சற்று முந்தும். இந்தச் சின்னப் பிசகுகளைக் கொண்டுதான் காது, பாடுவது ஒருவர் அல்ல, கூட்டம் என்று முடிவு செய்கிறது. ஆகவே மூவரும் ஒவ்வொரு வரியையும் திரும்பத் திரும்பப் புதிதாகப் பாட வேண்டியிருந்தது. பாட்டு முழுவதையும் முடிக்கச் சுமார் மூன்று வாரம் ஆனது.

1975இல் இதற்கெல்லாம் காந்த நாடாதான். பிளாஸ்டிக் பட்டையில் பூசிய இரும்பு ஆக்சைடு துகள்கள், ஒலிக்கேற்ப மாறும் காந்தப்புலத்தைப் பதித்துக்கொள்ளும். இரண்டு அங்குல நாடாவில், தனித்தனியாக ஒலி பதியும் 24 தடங்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் அகலம். அடுக்க வேண்டிய பதிவுகளோ சுமார் 180. நிரம்பிய தடங்களைக் கலந்து காலியான ஒன்றில் ஏற்றுவார்கள். பழையவற்றை அழித்து அங்கே மறுபடி பாடுவார்கள். கலந்ததைப் பிறகு பிரிக்க முடியாது. ஒவ்வொரு நகலிலும் நாடாவின் 'உஸ்' இரைச்சல் வேறு கூடும்.

நாடாவும் தேய்ந்தது. ஒலியைப் பதிக்கும் காந்தமான பதிவுத் தலையை உரசி ஓடும் ஒவ்வொரு முறையும் துகள்கள் கொஞ்சம் உதிரும். வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரிந்ததாகக் குழுவினர் பின்னாளில் சொன்னார்கள்.

கும்பல் ஓய்ந்து, கிட்டார் சீறி அடங்கியதும் மறுபடி அந்த ஒற்றைக் குரல். இனி எதுவும் பொருட்டில்லை என்கிறது. அதன்பின் டெய்லர் சேகண்டி போன்ற ஒரு பெரிய வெண்கலத் தட்டை ஒரே ஒரு முறை, மெதுவாகத் தட்டுகிறார்.