ஆறு நாணயங்களும் ஒரு புது நடனமும்

பாஸ்டனில் மகள் வீட்டுக்குப் போய்வந்த வாசகர் ஒருவர் கேட்கிறார்: "ஒரு கூடத்தில் கான்ட்ரா நடனம் பார்த்தேன். மேடையில் ஒருவர் மைக்கில் அடுத்தடுத்த அசைவுகளைச் சொல்லிக்கொண்டிருந்தார். நாலைந்து சுற்று ஆனதும் வாயை மூடிக்கொண்டார். அன்றுதான் முதன்முறையாக ஆடப்பட்ட நடனமாம். ஆனாலும் அத்தனை பேரும் பிசகாமல் ஆடினார்களே, எப்படி?"

கான்ட்ரா நடனம் 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வேர் கொண்டு, மாசசூசெட்ஸ், வெர்மான்ட், நியூ ஹாம்ப்ஷயர் பகுதிகளில் தழைத்தது. நீள வரிசையில் ஜோடிகள் நிற்பார்கள். இரண்டிரண்டு ஜோடி சேர்ந்து நால்வர் குழு ஆகும். ஃபிடில் மெட்டு ஒருமுறை முடிய 64 காலடி, ஏறக்குறைய அரை நிமிடம். மேடையில் சொல்பவருக்குப் பெயர் 'காலர்'. சட்டைக் காலர் நினைவுக்கு வருவதால் 'அழைப்பவர்' என்று எழுதுகிறேன்.

புது நடனம் எழுதுவது என்றால் அந்த 64 காலடிகளை நிரப்புவதுதான். பெரும்பாலும் எட்டு அடிக்கு ஓர் அசைவு. இசை இல்லாமல் ஓரிரு முறை நடத்திக் காட்டிய பிறகு ஆட்டம் தொடங்கும். அசைவு தொடங்கும் முன்பே சொல்லி முடித்தாக வேண்டும். அதற்குக் கிடைப்பது முந்தைய எட்டின் கடைசி நான்கு அடிகள், அதாவது இரண்டு விநாடி. 'கைகோத்து இடப்பக்கம் முக்கால் வட்டம்' என்றால் பாதிப் பேர் உற்சாகத்தில் முழு வட்டம் போய்ப் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடுவார்கள். 'மூன்று இடம்' என்றால் எண்ணிக்கொண்டு சரியாக நிற்பார்கள்.

என்னை மயக்குவது கடைசி அசைவு. 64-ஆவது அடியில் இரு ஜோடிகளும் ஒன்றையொன்று கடந்து இடம் மாறியிருக்க வேண்டும். நடுவில் என்ன புதுமை செய்தாலும் இதை மட்டும் விட முடியாது. ஆறு ஒரு ரூபாய் நாணயங்களில் எண் எழுதிச் சாப்பாட்டு மேசையில் அடுக்கிப் பார்த்தேன். ஒரு நாணயம் ஒரு ஜோடி; ஒவ்வொரு வரியும் 64 அடி கொண்ட ஒரு சுற்று முடிந்ததும் நிற்கும் வரிசை, முதல் வரி தொடக்கம்:

1 2 3 4 5 6
2 1 4 3 6 5
2 4 1 6 3 5
4 2 6 1 5 3
4 6 2 5 1 3
6 4 5 2 3 1
6 5 4 3 2 1

ஆறே சுற்றில் வரிசை தலைகீழ்! ஒவ்வொரு ஜோடியும் மற்ற ஐந்தையும் சரியாக ஒருமுறை சந்தித்துவிட்டது. மொத்தம் 15 சந்திப்பு. இன்னும் ஆறு சுற்றில் பழைய இடம். இங்கிலாந்தின் தேவாலய மணியடிப்பவர்கள் மணிகளின் வரிசையை மாற்றுவதும் இதே கணக்கில்தான். கணினியில் எண்களை வரிசைப்படுத்தும் முறை ஒன்றும் இதுவே. இதற்கெல்லாம் ஆராய்ச்சி நிதி கேட்டால் 'என்ன பயன்?' என்பார்கள். மணியடித்தவர்களை யாரும் அப்படிக் கேட்கவில்லை, நல்லவேளை.

ஆகவே கூட்டம் முழுவதும் கற்பது ஒரே 64 அடியைத்தான். எதிரில் நிற்பவர்கள் மாறுகிறார்கள், பாடம் மாறுவதில்லை. மெட்டின் திருப்பங்களே நினைவூட்டும். 'கூட்டு மனத்தின் அதிர்வு' என்று யாராவது விளக்கம் சொன்னால் நம்ப வேண்டாம். அழைப்பவர் முதலில் முழு வாக்கியம் சொல்வார், பிறகு ஒரு சொல், பிறகு ஒன்றுமில்லை.

சிக்கல் ஓரத்தில். நாணயங்களில் வலப்பக்கம் போகிறவற்றைத் தலையாகவும் இடப்பக்கம் வருகிறவற்றைப் பூவாகவும் வைத்திருந்தேன். முனைக்கு வந்த நாணயம் ஒரு சுற்றுச் சும்மா இருந்து, புரண்டு, எதிர்த்திசையில் போக வேண்டும். நான் ஒன்றைப் புரட்ட மறந்தேன். அடுத்த சுற்றிலேயே எல்லாம் குழம்பியது. கூடத்திலும் முனைக்கு வந்த ஜோடி அந்த அரை நிமிடத்தில் உள்நோக்கித் திரும்பித் தங்களுக்குள் இடவலம் மாறி நிற்க வேண்டும். பலர் கதை பேசிக்கொண்டு அதை மறந்துவிடுவார்கள். வாயை மூடிக்கொண்டதாக நம் வாசகர் சொன்ன அந்த மனிதர் அநேகமாக அந்த இரண்டு முனைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்.